பன்னிரண்டாவது புகார்

அன்று அவர் கடைசியாகச் செய்த வேலை, அவித்த முட்டை ஒன்றை உரித்தது. கட்டிங்கக்காவின் முன்னால் மேசை நீளத்துக்கு நீலத்துணி எட்டு அடுக்காக விரிந்து கிடந்தது. பெரிய கத்தரியை உள்ளே விட்டுப் பாதி வளைவில் இருந்தாள். அந்த இடத்தில் கையை எடுத்தால் வெட்டு பிசிறடிக்கும். "வாயைத் தொற" என்றார் புருஷன். திறந்தாள். உப்புத் தொட்ட பாதி முட்டை உள்ளே போனது. மீதிப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது, வாங்கி வந்துவிடுகிறேன் என்று படியிறங்கினார். வாய் நிறைய முட்டை இருந்ததால் அவள் 'உம்' என்று மட்டும் சொன்னாள். நாலு கடை தள்ளியிருந்த பேப்பர் கடையில் ரோலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கியவர், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

சாவைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட பிறகு அந்த மாடியில் நடந்த அமர்க்களம்தான் சொல்ல வேண்டியது.

மாடி என்றால் ஒரே நீள அறை. ஜன்னலோரமாக ஆறு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் ஒன்று, கடைசியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற மெஷின். நடுவில் கட்டிங் மேசை. மூலையில் கம்ப்யூட்டரும், பேனா பிடித்து ஆளுயரக் காகிதத்தில் கோடு போடுகிற பிளாட்டரும். பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் வீடு. துணி வெட்டுவது, கணக்காக வரைவது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால்தான் கட்டிங்கக்கா. அவள் புருஷன் மெஷின் மெக்கானிக். அவருக்கு அந்தத் தெரு முழுவதும் 'சாவி' என்று பெயர்.

பெயர் வந்த கதை பழையது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் துணி அளவு வரைகிற புரோகிராம் ஒன்றை வருஷ வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கம்பெனி ஒரு எண் அனுப்பும், அதைத் தட்டினால் திறக்கும். ஒரு வருஷம் எண் வரவில்லை. கேட்டால் கம்பெனியே இல்லை. அறுநூறு வாடிக்கையாளர்களின் அளவு உள்ளே பூட்டிக் கிடந்தது. எல்லாரையும் திரும்ப வரச்சொல்லி, திரும்ப டேப் பிடித்து, திரும்ப வசவு வாங்கினார்கள். அவர் அன்றைக்கு ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டபடி, "நம்ம சாமானை வெக்கிற பொட்டிக்குச் சாவி நம்மகிட்ட இருக்கணும்" என்றார். மறுநாளும் சொன்னார். ஒரு மாதம் சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டு, ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு மாதத்தில் ஒட்டிய பெயர் அது.

எழுத ஆரம்பித்ததும் அவளை நச்சரித்தார். கழுத்து எப்படி இறங்குகிறது, கை பொருத்துகிற வளைவு எங்கே திரும்புகிறது, ஏன் முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு. அவள் சாக்பீஸால் துணியில் காட்டுவாள், அவர் எண்ணாக மாற்றுவார். "நான் போடறதும் கோடு, நீங்க போடறதும் கோடு. என்னுது துவைச்சாப் போயிடும், அவ்வளவுதான்" என்பாள். இரண்டு வருஷம் கழித்து புரோகிராம் ஓடியது. அதற்கு 'அளவு' என்று பெயர் வைத்தார். வைத்த கையோடு, உலகத்தில் எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போடப்போவதாகச் சொன்னபோதுதான் வீட்டில் தீப்பிடித்தது.

"இலவசமாக் குடுக்கறீங்களா?"

"இலவசம் இல்ல. கட்டற்றது."

"கட்டு இல்லாததை அவுத்து விட்டதுன்னுதான் சொல்வாங்க."

அவர் சிரித்தார். யாரும் ஓட்டலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், தனக்குத் தகுந்த மாதிரி மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், ஒரே ஒரு நிபந்தனை, வாங்கினவன் அதற்குப் பூட்டுப் போடக் கூடாது என்று விரலை மடக்கி விளக்கினார். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தன் வளைவு போகிறதே என்பது மட்டும்தான் ஏறியது. கட்டிங் தெரிந்த எவளாவது தன் வளைவைத் தெருவில் போடுவாளா. ஒன்பது நாள் பேசவில்லை. 'சாப்பிட வரச்சொல்லு', 'பசியில்லைன்னு சொல்லு' என்பதெல்லாம் காஜாக்காரம்மா வழியாகப் போய் வந்தன. பத்தாம் நாள் காஜாக்காரம்மா, "ரெண்டு பேரும் பேசித் தொலைங்க, எனக்கு நூல் மாத்தவே நேரமில்ல" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் பேச்சு திரும்பியது. வளைவு போனது போனதுதான்.

பதினாலு வருஷம் அந்தப் புரோகிராமில்தான் மாடி ஓடியது. வெளியில் யார் எடுத்தார்கள், என்ன ஆனது என்று அவள் கேட்டதுமில்லை. அவர் காலையில் ஒரு மணி நேரம் யார் யாருக்கோ பதில் எழுதுவார். அது அவருடைய செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரம் மாதிரி என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவர் இல்லை. ஆறாவது வாரம் கூரை ஒழுகியது. ஒழுகியது கம்ப்யூட்டர் தலையில்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஆர்டர் கையில் இருந்தது. புதுக் கட்டிடம் திறக்கிற அன்று நூற்று முப்பத்தெட்டு நர்சுகளும் புதுச் சட்டையில் நிற்க வேண்டும். சாவி போவதற்கு முந்தின வாரம் ஒத்துக்கொண்ட வேலை. ஒவ்வொருத்தர் அளவும் தனி, நோட்டில் இருக்கிறது. கையால் வரைந்தால் கட்டிங்கக்கா ஒரு நாளைக்கு எட்டு வரைவாள், அதற்குமேல் இடுப்பு ஒத்துழைக்காது. நாள் மீதியிருந்தது பன்னிரண்டு. விட்டுவிடலாம் என்றால், மழைக்காலத்தில் ஆறு மெஷினுக்கும் வேறு வேலை இல்லை. அதைவிட, அவர் ஒத்துக்கொண்டதை இவள் கைவிட்டாள் என்று ஆகும். அது அவளால் முடியாது.

அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், அவர்களோடேயே இருக்கிறவள். ஒரு அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை. பல மொழி படிப்பாள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள்தான் ஒரு புதுக் கம்ப்யூட்டரை மழையில் கோணி போர்த்தித் தூக்கி வந்தாள். இணையத்தில் அண்ணன் பக்கத்தைக் கண்டுபிடித்து 'அளவை' இறக்கினாள். தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். ஏதோ நாலு வரி வந்தது.

"என்ன சொல்லுது?"

"இது கேக்கற சாமான்லாம் பழசு அண்ணி, புதுக் கம்ப்யூட்டர்ல அதெல்லாம் இல்லையாம். யாராவது உள்ள புகுந்து மாத்தணும்."

"நீ மாத்தேன்."

"நான் டைப்பிஸ்ட்டு. நீங்க சட்டை தைக்கறீங்கன்னு கூரையைத் தைக்கச் சொன்னா தைப்பீங்களா?"

சரி, அண்ணன் கணக்கைத் திறந்தால் அங்கே உதவி செய்கிறவர் யாராவது இருப்பார்கள் என்று பார்த்தாள். கணக்குக்குக் கடவுச்சொல் தெரியவில்லை. கல்யாண நாள், பிறந்த நாள், மெஷின் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நாத்தனார் கையை உதறினாள். "சாவின்னு பேரை வெச்சுக்கிட்டு சாவியையே கொண்டுபோயிட்டாரு பாருங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் காஜாக்காரம்மா களுக்கென்று சிரித்துவிட, ஆறு மெஷினும் நின்று சிரித்தன. ஆறு வாரத்தில் அந்த மாடியில் கேட்ட முதல் சிரிப்பு அது. கட்டிங்கக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, செய்யக் கூடாததைச் செய்துவிட்டது போல ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அண்ணன் கடிதம் எழுதுகிற பொதுக் குழுவில் யாரும் எழுதலாம் போலிருந்தது. நாத்தனார் இரண்டு வரி தட்டினாள். இதை எழுதியவர் ஆறு வாரத்துக்கு முன் இறந்துவிட்டார். எங்களுக்கு இது பன்னிரண்டு நாளில் ஓட வேண்டும், யாருக்காவது தெரியுமா.

மறுநாள் காலை டீ போட்டுக்கொண்டிருந்த கட்டிங்கக்காவை நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் கடிதமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று. படித்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்துமூன்று. நாத்தனார் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஒருவர் கடலில் முங்குகிறவர்களுக்கு ரப்பர் சட்டை தைக்கிறார். ஒரு பெண் ஜெயிலில் தையல் சொல்லிக்கொடுக்கிறாள், வாடகைப் புரோகிராம் எதையும் உள்ளே விடமாட்டார்களாம், இதைத்தான் விட்டார்களாம். நாய்களுக்கு மழைக்கோட்டு தைக்கிற ஒரு தம்பதி, நாலு காலுக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

"நாய்க்கா? என் வளைவுலயா?" என்றாள் கட்டிங்கக்கா.

"நாய் சவுகரியமா இருக்காம் அண்ணி."

முதுகு கூனிய தன் மகனுக்குப் பத்து வயதுவரை கடைச் சட்டை எதுவும் சேரவில்லை, உங்கள் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து முதுகு அளவுக்கு ஒரு இடம் சேர்த்துக்கொடுத்தார், இப்போது அவன் சட்டையில் பொத்தான் நேராக இருக்கிறது என்று ஒருவர். அதை நாத்தனார் இரண்டு முறை படித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல இவரு" என்றாள். ஓவர்லாக் ஓட்டுகிறவள், அப்படியானால் அந்த ஒரு மணி நேரமும் சும்மா இல்லை போலிருக்கிறது என்றாள். கட்டிங்கக்காவுக்கு உடம்பு முழுவதும் என்னவோ ஊறுகிற மாதிரி இருந்தது. துக்கம் என்றால் அவளுக்குத் தெரியும், ஆறு வாரப் பழக்கம். இது அது இல்லை.

மதியம் இன்னொரு கடிதம். பெயருக்குப் பக்கத்துப் படத்தில் முகத்துக்குப் பதில் ஒரு தொப்பி இருந்ததால் அதை எழுதியவருக்குத் தொப்பி என்றே பெயரானது. தொப்பி நாடகக் கம்பெனிக்கு உடை தைக்கிறவர். நிரல், அதாவது புரோகிராம், எழுதவும் தெரியும். 'அளவை' புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டதாகவும், ஆனால் பழைய கணக்கைத் திறக்க வழியில்லாததால் மொத்தத்தையும் நகலெடுத்துத் தனியாக ஒரு கிளையாக வளர்க்கப் போவதாகவும் எழுதியிருந்தார். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, ஆனாலும் கேட்கிறேன் என்று முடித்திருந்தார்.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களா. சாவு வீட்டுக்கு வந்துட்டு அண்டா குண்டாவைத் தூக்கிட்டுப் போற மாதிரி. ரெண்டு மாசம்கூட ஆகல."

காஜாக்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "எடுத்துட்டுப் போனா நம்மகிட்ட இருக்காதா?"

"இருக்கும். நகல்தானே."

"அப்புறம் என்னத்தைத் தூக்கிட்டுப் போறாரு? தனிக்குடித்தனம் போறாரு, அவ்வளவுதானே. அடுப்பு வேற, குழம்பு அதே."

"அதுக்கில்லைம்மா, எங்க அண்ணன் சொத்து. தேவையில்லைன்னா எதுக்குக் கேக்கணும்?"

கட்டிங்கக்கா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தேவையில்லாதப்பவும் கேக்கறாங்க பாரு, அது மரியாதை. நடக்கட்டும்னு எழுது" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது, பதினாலு வருஷத்துக்கு முன் ஒன்பது நாள் பேசாமலிருந்தவளும் தான்தான் என்று.

நாலாம் நாள் தொப்பியின் முதல் வடிவம் வந்தது. திறந்தது. ஒரு நர்சின் அளவைத் தட்டினார்கள். பிளாட்டர் ஒரு முறை முனகி, பேனாவை இறக்கி, கோடு போட ஆரம்பித்தது. எல்லாரும் மெஷினை விட்டுச் சுற்றி நின்றார்கள். பேனா கழுத்தில் இறங்கி, சரிந்து, கை வளைவில் திரும்பியபோது கட்டிங்கக்கா, "நிறுத்து" என்றாள்.

"என்ன அண்ணி, நல்லாத்தானே போடுது?"

"அக்குள் பிடிக்கும். இது என் வளைவு இல்ல."

வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஓவர்லாக்காரிக்கு அந்த நர்ஸ் அளவுதான். கையைத் தூக்கியதும் சட்டை மொத்தமும் தொப்புளுக்கு மேலே வந்து நின்றது. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற நர்ஸ் இதைப் போட்டால் ஆஸ்பத்திரி அல்லோலகல்லோலப்படும் என்று காஜாக்காரம்மா சொல்லி, அந்த நர்ஸ் எப்படி நடப்பாள் என்று நடந்தும் காட்டினாள்.

தொப்பிக்கு எழுதினார்கள். உடனே பதில் வந்தது. அதைப் படித்த நாத்தனார் முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு மறுபடி சிரித்தாள். நிரலுக்குள் எழுதியவர்கள் தங்களுக்கும் அடுத்தவர்களுக்கும் குறிப்பு எழுதி வைப்பது உண்டாம். அந்த வளைவு இருக்கிற இடத்தில் அண்ணன் எழுதியிருந்த குறிப்பைத் தொப்பி அப்படியே அனுப்பியிருந்தார்.

'இங்கே வருகிற பதினொன்று எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் மனைவி சொன்னாள். மாற்றினால் கை தூக்கும்போது சட்டை மேலே ஏறுகிறது. தொடாதீர்கள்.'

தொப்பி தொட்டுவிட்டிருந்தார். பதினொன்று என்பது கைத்தவறு, அடிக்கு இஞ்ச் பன்னிரண்டுதானே என்று நினைத்துப் பன்னிரண்டு ஆக்கிவிட்டாராம். மன்னிப்புக் கேட்டு, கூடவே ஒன்று கேட்டிருந்தார். ஏன் பதினொன்று? பதினாலு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், எழுதி வைக்கிறேன்.

கட்டிங்கக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது, கூரைக்குக் கீழே வைத்த வாளியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வேலை பழகின கடை மாஸ்டர் சொல்லிக் குடுத்ததா அண்ணி?"

"அவரா? முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் வெட்டுவாரு. நாம கிட்டப் போனா துணியைப் போர்த்தி மூடிடுவாரு. சாகற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டல."

"அப்ப எப்படித் தெரிஞ்சது?"

"சாயங்காலம் நான்தானே பெருக்குவேன். வெட்டிப்போட்ட துண்டெல்லாம் மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து ஒட்ட வெச்சுப் பாப்பேன். மார்பளவைப் பத்தால வகுத்தா குழி ஆழமாயிடுது. பன்னிரண்டுன்னா அக்குள் பிடிக்குது. ஒரு வருஷம் பாத்தேன். பதினொண்ணுதான்."

மெஷின்கள் நின்றிருந்தன. அவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. எண்ணை மட்டும் கொடுத்து, வந்த வழியை வைத்துக்கொண்டாள். அந்த மாஸ்டர் துணியைப் போர்த்திய மாதிரிதான் தானும் இத்தனை வருஷம் போர்த்தியிருக்கிறோம் என்று தோன்றியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, எதையோ எறிந்துவிட்டு ஓட வேண்டும் போலத் துள்ளலாகவும் இருந்தது.

"எழுதிக்கோ" என்றாள். "பின் வளைவுல பாதி இஞ்ச் கூட விடணும், ஆளு என்ன வேலை செய்யறாங்கன்னு கேட்டுட்டு. எழுதறவங்களுக்கு வேண்டாம், தூக்கறவங்களுக்கு வேணும். அதையும் எழுது. ஒண்ணு விடாம எழுது."

அடுத்த மூன்று நாளும் அப்படித்தான் போயின. அவள் துணியில் கோடு போடுவாள், நாத்தனார் படம் எடுத்து அனுப்புவாள், தொப்பி கேள்வி கேட்பார். நாத்தனார் அலுவலகத்துக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டாள். சமையல் யார் செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ரொட்டியும் முட்டையும் மேசை ஓரத்தில் வந்துகொண்டிருந்தன. ரப்பர் சட்டைக்காரர் பாதியில் நுழைந்து, இத்தனை வருஷம் தன் ஆட்கள் நீந்தும்போது தோள்மூட்டு ஏன் வலிக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றார். எழுத்தில் சொல்லி மாளாது என்று ஒரு நாள் காலை கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். திரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வாய் நிறையக் குண்டூசியோடு தெரிந்தாள். மாடியே கொல்லென்று சிரித்தது. இவர்கள் பக்கமும் மூன்று பேர் வாயில் ஊசி இருந்தது. இத்தனை நாள் தொப்பியை 'அவர்', 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்த காஜாக்காரம்மா, "நம்ம ஆளுடி" என்றாள்.

ஏழாம் நாள் வளைவு வளைவாக வந்தது. ஓவர்லாக்காரி கையைத் தூக்கினாள், இறக்கினாள், காஜாக்காரம்மாவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினாள். சட்டை இருந்த இடத்தில் இருந்தது. அன்று மட்டும் முப்பத்துநாலு நர்சுகளைப் பிளாட்டர் வரைந்தது. மெஷின்கள் ஓடிய ஓட்டத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மறுநாள் காலை நாத்தனார் கம்ப்யூட்டரைப் புதிதாகத் திறந்தபோது திரையில் ஒரு வெற்று உடம்பின் கோட்டுப்படமும் அதற்கேற்ற சட்டையும் வந்து நின்றன. இத்தனை நாள் நாத்தனார் அதைத் தட்டிவிட்டு அளவுப் பக்கத்துக்குப் போய்விடுவாள், கட்டிங்கக்கா இதைப் பார்த்ததே இல்லை. பழைய கம்ப்யூட்டர் திறந்தால் நேராக அளவு எழுதுகிற பக்கம் வரும்படி அவர் செய்து வைத்திருந்தார். இது என்ன என்று கேட்டாள். புதிதாகத் திறக்கிறவர்களுக்குப் பழக்கம் வர மாதிரிக்கு ஒரு உடம்பு, உலகம் முழுக்க இதே உடம்புதான் முதலில் வருமாம் என்றாள் நாத்தனார்.

கட்டிங்கக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள். ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே வைத்தாள்.

"தோள் தப்பு. இடது தோள் தாழ்ந்திருக்கு. கால் இஞ்ச்."

"கால் இஞ்ச்சுதானே அண்ணி."

"கால் இஞ்ச்சுதானேவா? மாதிரின்னு வெச்சா ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கணும். புதுசா கத்துக்கிறவ இதைப் பாத்துட்டு எல்லாச் சட்டையும் கோணலா வெட்டுவா. அந்தம்மா மறுபடியும் எதையோ தொட்டிருக்காங்க. எழுது. கொஞ்சம் உறைக்கிற மாதிரியே எழுது."

தப்பு கண்டால் பதிவு செய்ய அங்கே ஒரு இடம் இருந்தது. நாத்தனார் அதில் எழுதினாள், உறைக்கிற மாதிரியே. பதில் வர அரை மணி நேரம் ஆனது. இந்த முறை தொப்பி எதையும் விளக்கவில்லை. நான் தொடவில்லை, இது முதலிலிருந்தே இப்படித்தான், உங்களுக்கு முன்னால் பதினோரு பேர் இதே புகாரைக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுடையது பன்னிரண்டாவது, பழையதை நீங்களே படித்துப் பாருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நாத்தனார் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினாலு வருஷத்தில் பதினோரு பேர். தோள் சமமாக இல்லை. இடது தோள் பிழை. மாதிரி உடம்பு கோணல். ஒவ்வொன்றுக்கும் கீழே சாவி ஒரே வரி எழுதி மூடியிருந்தார்.

'பிழை அல்ல. அளவு சரி.'

பதினொன்றாவது ஆள் விடவில்லை. இது எப்படிச் சரியாகும், எந்த உடம்பு இப்படி இருக்கும் என்று மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமான பதில் இருந்தது. நாத்தனார் முதலில் தனக்குள் படித்தாள். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு, மெதுவாகப் படித்தாள்.

'இந்த உடம்பு என் வீட்டில் இருக்கிறது. நானே டேப் பிடித்து எடுத்த அளவு. எடுத்த அளவைத் திருத்த எனக்கு மனசு வராது. உங்களுக்கு வேண்டுமென்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதை எல்லாருக்கும் கொடுங்கள். அதற்காகத்தான் கட்டற்றது. என்னுடையதில் மட்டும் இது இப்படியே இருக்கும்.'

யாரும் மெஷினை நிறுத்தவில்லை. கேட்டது பக்கத்தில் நின்ற மூன்று பேர் மட்டும். கட்டிங்கக்கா ஸ்கேலைக் கையில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்துச் சுற்று. எல்லாவற்றின் எதிரிலும் ஒரு எண் இருந்தது. ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்த எண், இருபத்தெட்டு வயதில் ஒரு கல்யாணத்துக்குத் தைத்த சட்டையின் எண். ரப்பர் சட்டைக்காரர், ஜெயில் டீச்சர், நாய்க்கோட்டுத் தம்பதி, எல்லாரும் முதல் முறை திறக்கும்போது அவளைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"நானே புகார் குடுத்துட்டேனா?" என்றாள்.

காஜாக்காரம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நாத்தனாருக்கு. பிறகு கட்டிங்கக்காவுக்கு வந்தது, வந்து நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "தொப்பியை அந்தத் திட்டுத் திட்டினேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தொப்பி இன்னொரு வரி எழுதியிருந்தாள். புதுக் கிளை எல்லாருக்கும் போகிற நாள் நெருங்குகிறது. தோளைச் சமமாக்கிவிடவா, அப்படியே விடவா? தொழில் தெரிந்தவர் நீங்கள், நீங்கள் சொல்கிறபடி.

"அப்படியே இருக்கட்டும்னு எழுதறேன் அண்ணி" என்று நாத்தனார் கையை வைத்தாள். அண்ணன் சொத்து என்று ஒரு வாரம் முன்னால் வரிந்துகட்டிக்கொண்டு நின்றவள்.

"இரு. அளக்காம எப்படிச் சொல்றது?"

"எதை?"

"அளவு சரின்னு அவர் சொன்னது அப்ப. இப்ப நான் சொல்லணும்னா நான் பாத்துட்டுத்தான் சொல்லணும். டேப்பை எடு."

நாத்தனாருக்கு டேப் பிடித்துப் பழக்கமில்லை. காஜாக்காரம்மா பிடித்தாள், நாத்தனார் திரையிலிருந்த எண்ணைச் சொல்லி, புதிய எண்ணைப் பக்கத்தில் எழுதினாள். கட்டிங்கக்கா தலையை நேராக வைத்து, கையைத் தொங்கவிட்டு, வாடிக்கையாளர்களை நிற்கச் சொல்வது போலவே நின்றாள். மார்பு இரண்டரை இஞ்ச் கூடியிருந்தது. இடுப்பைக் காஜாக்காரம்மா சத்தமாகச் சொல்ல மறுத்து எழுதிக் காட்டினாள். கழுத்துச் சுற்று முக்கால் இஞ்ச் கூடுதல். கைச் சுற்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. முதுகு நீளம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒவ்வொன்றாக அடித்து எழுதிக்கொண்டே வந்தாள் நாத்தனார், பக்கம் முழுவதும் அடித்தலாக இருந்தது.

"தோளைப் பாரு" என்றாள் கட்டிங்கக்கா.

காஜாக்காரம்மா வலப்பக்கம் அளந்தாள். இடப்பக்கம் அளந்தாள். நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அளந்தாள்.

இடது தோள், கால் இஞ்ச் தாழ்வு.